மாரிசெல்வியின் புரோபிட்டிக்கு ஒரு விரோதி தேவை

டெல்லியில் கிளம்பிய சுற்றறிக்கை ஒன்று சென்னையில் மூன்று மாதம் படுத்து ஓய்வெடுத்துவிட்டு, ஆடி மாதம் முதல் வாரத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. முழுக்க இங்கிலீஷ். வெடிச்சரக்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கியின் சாவியை வைத்திருப்பவர் எவரானாலும் அவருக்குப் 'புரோபிட்டி' இருக்க வேண்டும், இருப்பதற்குச் சான்றிதழும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. முதலாளி சங்கரபாண்டியனுக்கு அந்த ஒரு வார்த்தையைத் தவிர எல்லாம் புரிந்தது.

மேனேஜர் செல்போனில் தேடிப் பார்த்து, "நம்பகத்தன்மைன்னு போட்டிருக்கு முதலாளி" என்றார்.

"நம்பகத்தன்மைக்கு வேற வார்த்தை இருக்கேய்யா. லோடுமேனுக்குக்கூட தெரிஞ்ச வார்த்தை."

"இது அதைவிட ஒசந்தது போல முதலாளி. சாதாரணமா யாரும் உபயோகிக்கிறதில்லைன்னும் போட்டிருக்கு."

"உபயோகிக்காத சாமானுக்கு எதுக்குய்யா சர்டிபிகேட்?" என்றார் முதலாளி. ஆனாலும் கேட்டது டெல்லி. தவிர, கிட்டங்கிச் சாவியை முப்பது வருஷமாக வைத்திருந்த கோட்டைச்சாமிக்குக் கண்ணில் புரை விழுந்து, அந்த வாரக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த இடத்துக்கு முதலாளி மனதில் இருந்தது மாரிசெல்வி.

மாரிசெல்வி பன்னிரண்டு வருஷமாகப் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூமில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வேனில் ஏறும்போது முழங்கை வரைக்கும் வெள்ளி மாதிரி மினுங்கும். தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். போன சித்திரையில் பக்கத்துக் கம்பெனியில் இதே மாதிரி ஒரு ரூம் போனது. 'போனது' என்றால் அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அன்றிலிருந்து அவள் மகள் இசைவாணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேன் வருகிற ரோட்டில்தான் போய் நிற்பாள், மழையானாலும். கிட்டங்கி வேலை என்றால் மருந்தைத் தொட வேண்டியதில்லை. தனியாக ஒரு கட்டிடம், இரும்புக் கதவு, வாசலில் வேப்பமரம், ஒரு ஸ்டூல். மாரிசெல்வி ராத்திரி கண்ணை மூடினால் அந்த ஸ்டூல்தான் வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சர்டிபிகேட்டோட வா தாயி. இல்லேன்னா என் மச்சினன் ஒரு ஆளை வச்சுக்கிட்டு நிக்கான்" என்றார் முதலாளி.

"புரோபிட்டி எங்கன குடுக்காக முதலாளி?"

"விருதுநகர்ல."

*

தென்மண்டலப் புரோபிட்டிச் சான்றளிப்பு மையம், விருதுநகரில் ஒரு எண்ணெய்ப் பரோட்டாக் கடையின் மாடியில் இயங்கியது. படிக்கட்டு முடிகிற இடத்தில் 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று ஒரு போர்டு. அதற்குக் கீழே, 'செருப்பு காணாமல் போனால் மையம் பொறுப்பல்ல' என்று இன்னொரு போர்டு. உள்ளே கவுண்டரில் பேனாவை நூலால் கட்டியிருந்தார்கள். நூலைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ரப்பர் ஸ்டாம்பு ஒரு சின்னக் கூண்டுக்குள் இருந்தது.

கவுண்டரில் சபரிநாதன் என்கிற எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"சார், புரோபிட்டின்னா என்ன சார்?"

"அது தெரியாமலா வந்தீங்க? தெரியாதவங்களுக்குக் குடுக்கிறதில்லைம்மா."

"தெரிஞ்சுக்கிட்டு வந்தா குடுப்பீகளா?"

"தெரிஞ்சவங்க மேல இன்னும் சந்தேகம் ஜாஸ்தி. நேர்மையா இருக்கிறவங்களுக்கு இந்த வார்த்தை எதுக்கும்மா தெரியணும்?"

மாரிசெல்விக்கு இது நியாயமாகத்தான் பட்டது. "டிக்சனரி இருந்தா ஒரு தடவை பாத்துக்கிடுதேன் சார்."

"இருந்துச்சு. களவு போயிருச்சு."

"இந்த ஆபீஸ்லயா?"

"இந்த ஆபீஸ்லதான். புதுசுக்கு டெண்டர் விட்டிருக்கு."

திங்கட்கிழமை ஆன்லைனில் மனுப் போட்டாள். அதைப் பிரிண்ட் எடுத்துக் கையால் நிரப்பித் தரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் போட்டோ திரும்பி வந்தது. பல் தெரிந்ததாம். புரோபிட்டி உள்ளவர்கள் சிரிக்கக்கூடாது என்றில்லை, சான்றிதழில் சிரிக்கக்கூடாது. கீழே இருந்த ஸ்டூடியோக்காரர் விலைப்பட்டியலிலேயே 'பாஸ்போர்ட், ஸ்டாம்பு, புரோபிட்டி' என்று மூன்றாவதாக எழுதி வைத்திருந்தார். "மூஞ்சியை ஒண்ணும் பண்ணாதீங்க. பேங்குல நிக்கிற மாதிரி நில்லுங்க" என்றார். அன்று மத்தியானம் ஒரிஜினல் ரேஷன் கார்டை நீட்டினாள். சபரிநாதன் அதைத் தொடவே இல்லை.

"ஒரிஜினலை நம்ப முடியாதும்மா. யாரு வேணும்னாலும் போலியா அடிச்சிருவாங்க. இதே ஜில்லாவுல எம்புட்டு பிரஸ் இருக்கு தெரியும்ல? ஜெராக்ஸ்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்க, அதை நம்பலாம்."

ஜெராக்ஸோடு புதன்கிழமை காலையில் போனாள். அதோடு நான்கு தடவை ஆயிற்று. நான்கு நாள் ஆகவில்லையே தவிர, இந்த ஆபீஸ் அவளுக்குப் பழகிவிட்டது. மனுவை ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொடுத்துப் புது நம்பர் போட்டுத்தான் வாங்கினார்கள்.

"எதுக்கு சார் இப்படி?"

"எங்ககிட்ட பெண்டிங்கே கிடையாதும்மா" என்றார் சபரிநாதன், குரலில் ஒரு பெருமையோடு. "மூணு நாளைக்கு மேல ஒரு மனு இங்க நிக்காது. நிக்கப்போற மாதிரி தெரிஞ்சா, அது வரவே இல்லைன்னு ஆக்கிருவோம். மாநிலத்துலயே நாங்கதான் பர்ஸ்ட்டு."

பிறகு மனுவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "நற்சாட்சி ஒண்ணுதான் பாக்கி. ஒரு ஆள் கையெழுத்து வேணும்."

"என் வீட்டுக்காரர் போடுவாரு."

"உறவினர் செல்லாது. உங்களுக்காகப் பொய் சொல்லுவாங்க."

"கூட வேலை பாக்குற யோகேஸ்வரி?"

"சிநேகிதமும் செல்லாது. அதே காரணம்."

"அப்போ பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆரையாச்சும் கூட்டிட்டு வரட்டா?"

"முன்பின் தெரியாதவங்க செல்லவே செல்லாது. அவங்களுக்கு உங்களைப் பத்தி என்ன தெரியும்?"

மாரிசெல்வி யோசித்தாள். உலகத்தில் உள்ள ஜனத்தொகை தீர்ந்துபோய்விட்டது போலிருந்தது. "மிச்சம் ஆரு சார் இருக்கா?"

"உங்களை நல்லாத் தெரிஞ்சிருக்கணும், கொஞ்சமும் பிடிக்கக்கூடாது." சபரிநாதன் கட்டத்தில் விரலை வைத்தார். அதில் அச்சடித்திருந்தது: விரோதியின் பெயர், முகவரி, விரோதம் தொடங்கிய தேதி.

*

மாரிசெல்விக்கு ஊரில் விரோதி என்று ஒரே ஒரு ஆள்தான். எதிர்த்த வீட்டு வெள்ளைத்தாய். நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே கம்பெனி வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். வேனில் ஜன்னலோர சீட் யாருக்கு என்பதில் ஒரு நாள் வாய்ச்சண்டை ஆகி, அது முடியைப் பிடிக்கிற அளவுக்குப் போய், வெள்ளைத்தாய் அந்தக் கம்பெனியையே விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள். அன்றிலிருந்து ஒரே தெருவுக்கு இரண்டு வேன் வருகிறது. பேச்சுவார்த்தை கிடையாது.

வெள்ளைத்தாய் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மதினி" என்றாள் மாரிசெல்வி.

வெள்ளைத்தாய் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"உங்களைத்தான் மதினி. ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"நீங்க எனக்கு விரோதின்னு."

வெள்ளைத்தாயின் கையிலிருந்த கீரைக்காம்பு கீழே விழுந்தது. "ஏட்டி, நான் பேசாமத்தான இருந்தேன்? பேசாம இருந்தா விரோதியா?"

"போன பொங்கலுக்கு என் கோலத்துல தண்ணியை ஊத்துனீகளே."

"அது கோவம்."

"ஊரு பூரா என்னை ஜன்னல் மகாராணின்னு சொன்னீகளே."

"அது பட்டப்பேரு. சும்மா கேலிக்கு."

"அப்போ… விரோதம் இல்லையா மதினி?" மாரிசெல்வியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

வெள்ளைத்தாய்க்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "சரி சரி, மூஞ்சியத் தொங்கப்போடாத. விரோதின்னே போட்டுக்கோ. எங்கன போடணும்?"

விரோதம் தொடங்கிய தேதியை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். வெம்பக்கோட்டை அணை நிறைந்து தண்ணீர் திறந்துவிட்ட மறுவாரம். அதற்கு அடுத்த கட்டத்தில் 'விண்ணப்பதாரர் நேர்மையானவரா? ஆம் / இல்லை' என்று இருந்தது. வெள்ளைத்தாய் யோசிக்காமல் 'ஆம்' என்பதைச் சுற்றி ஒரு பூசணிக்காய் அளவுக்கு வட்டம் போட்டாள்.

"சண்டை போட்ட மறுநா வேன்ல கிடந்த என் கொலுசை எடுத்து நீதான வீட்டுல கொண்டாந்து குடுத்த? அன்னைக்குத்தான் எனக்கு ரொம்ப ஆத்திரமா வந்துச்சு. நீ அதை எடுத்து வச்சிருந்தேன்னா, திட்டிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்லாட்டி!"

வியாழக்கிழமை அந்தப் படிவத்தோடு போனதில், அடிக்குறிப்பு ஒன்று இருந்தது தெரியவந்தது. விரோதி வெள்ளிக்கிழமை நேரில் ஆஜராகி விரோதத்தை நிரூபிக்க வேண்டும்.

"நிரூபிக்கணும்னா?" என்றாள் வெள்ளைத்தாய்.

"அங்கன வச்சு சண்டை போடணுமாம் மதினி."

"அம்புட்டுத்தானா? அது கிடக்கு. நான் லீவு சொல்லிட்டு வாரேன்."

*

காலை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். மாரிசெல்வி ஏறியதும் ஜன்னலோர சீட்டைத் துடைத்துவிட்டு, "நீங்க உக்காருங்க மதினி" என்றாள். வெள்ளைத்தாய் உட்கார்ந்தாள். சாத்தூரில் பஸ் நின்றபோது வெள்ளைத்தாய் ஜன்னல் வழியாகவே வெள்ளரிக்காய் வாங்கி, மிளகாய்ப்பொடி தடவி, பெரிய துண்டை இவளிடம் நீட்டினாள். அதன்பின் நாலு வருஷத்துக் கதை பாக்கி இருந்ததல்லவா, அது வெளியே வர ஆரம்பித்தது. ஆர்.ஆர். நகர் தாண்டும்போது வெள்ளைத்தாய் தன் கம்பெனி மேஸ்திரி நடப்பது மாதிரி உட்கார்ந்தபடியே நடந்து காட்ட, மாரிசெல்வி சிரித்துச் சிரித்து முன்சீட்டுக் கம்பியில் முட்டிக்கொண்டாள்.

சட்டென்று இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

"ஏட்டி, சிரிச்சுட்டோமே" என்றாள் வெள்ளைத்தாய்.

"ஆரும் பாக்கலை மதினி."

"தள்ளி உக்காரு. அந்த ஆளு ஆபீஸ்காரன் மாதிரியே இருக்கான்."

மையத்தின் கூடத்தில் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். சிவகாசி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று எல்லாப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்தும் ஆட்கள். ஆளுக்கொரு விரோதி. செருப்பெல்லாம் வாசலில். விரோதச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு ஜோடிக்கு இரண்டு நிமிஷம். குரலுக்குப் பத்து மார்க், கை நீட்டுவதற்குப் பத்து, பழைய கதையைக் கிளறுவதற்குப் பத்து என்று சபரிநாதன் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாமியார் மருமகள் ஜோடி அபாரமாகச் சண்டை போட்டும், உறவினர்கள் என்ற காரணத்தால் தள்ளுபடி செய்யப்பட்டார்கள். அந்தத் தீர்ப்பை எதிர்த்து இருவரும் ஒற்றுமையாகச் சபரிநாதனோடு சண்டை போட்டார்கள். அதற்கு மார்க் கிடையாது.

இடையில் இயக்குநர் டாக்டர் ஊர்க்காவலன் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் கையைக் காட்டி உட்காரவைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"புரோபிட்டி! இது லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் இப்போது யாரும் பேசுவதில்லை என்பதிலிருந்தே இதன் மதிப்பு உங்களுக்குத் தெரியும். நம்பிக்கை என்பது வேறு, புரோபிட்டி என்பது வேறு. யாரும் பார்க்காத இடத்திலும் ஒருவன் ஒழுங்காக இருப்பதுதான் புரோபிட்டி. ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் அவன் எப்படி இருந்தான் என்று யார் பார்த்தது? அதற்காகத்தான் இந்த மையம்!"

கைதட்டினார்கள். சபரிநாதன் முதலில் தட்டினார்.

"இந்தச் சொல்லை உபயோகிக்கும் முறை ஒன்று இருக்கிறது. நாள்தோறும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறேன். ஒரு நல்லவரைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் வரவே வராது. எவனாவது மாட்டிக்கொண்டால் மறுநாள் காலையில் வந்துவிடும். 'இன்னாரின் புரோபிட்டி குறித்துக் கேள்வி எழுந்துள்ளது.' ஆக, காணாமல் போன பிறகே பேசப்படுகிற பொருள் இது. என்னுடைய புரோபிட்டி குறித்து இதுவரை மூன்று கமிஷன்கள் பேசியிருக்கின்றன என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். இன்னொன்று. இதை எண்ண முடியாது. ஒரு புரோபிட்டி, இரண்டு புரோபிட்டி என்று சொல்லக்கூடாது, இலக்கணப் பிழை. அதனால்தான் எங்கள் மையத்தில் புரோபிட்டி எவ்வளவு இருக்கிறது என்று தணிக்கைக்கு வந்தவர்களால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை!"

பேசி முடித்ததும் அடுத்த ஜோடியைத் தானே பார்க்கப்போவதாகச் சொல்லி உட்கார்ந்தார். அடுத்த ஜோடி இவர்கள்தான்.

வெள்ளைத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏட்டி ஜன்னல் மகாராணி! என்ன திமிரு இருந்தா என் சீட்டுல உக்காருவ!"

"தப்புத்தான் மதினி" என்றாள் மாரிசெல்வி.

"ஒத்துக்கிடாதட்டி, திருப்பித் திட்டு" என்று வெள்ளைத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

மாரிசெல்வி கண்ணை இறுக மூடினாள். ஸ்டூலை நினைத்துக்கொண்டாள். "நீங்க மட்டும் என்னவாம்? உங்களுக்கு… உங்களுக்கு… வெள்ளரிக்காய்ல மொளகாப்பொடி தடவத் தெரியாது!"

கூடமே சிரித்தது. இயக்குநர் முகத்தைச் சுளித்தார். "விரோதத்தில் மரியாதைப் பன்மை வரக்கூடாது. ரொம்ப பலவீனமான விரோதம்." கீழிருந்து பரோட்டா வாசனை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. மணி பன்னிரண்டரை. அவர் வாட்சைப் பார்த்தார். "சரி, போகட்டும். பாஸ் மார்க் போட்டுவிடுகிறேன்." கூண்டிலிருந்து ஸ்டாம்பை எடுக்கச் சொன்னார். மாரிசெல்வியின் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

அப்போது ஜன்னலோரம் நின்றிருந்த யாரோ தெருவைப் பார்த்துவிட்டு, "ஜீப்பு!" என்றார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். சீசன் நேரத்தில் எட்டு, பத்துப் பேர் இருப்பார்கள் என்பது நடப்பு. அதிகாரிகளின் ஜீப் மண் ரோட்டில் திரும்புகிற நேரத்துக்கும் கேட்டுக்குள் நுழைகிற நேரத்துக்கும் நடுவில் ஒன்றரை நிமிஷம் உண்டு. அதற்குள் பதிவேட்டில் பெயர் உள்ள நாலு பேர் உட்கார்ந்திருக்க, மிச்சப்பேர் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் போய்விட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் கால் தானாகப் போகும்.

அறுபது பேருக்கும் கால் போனது. இது கம்பெனி இல்லை, ஆபீஸ் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கருவேலங்காடு இல்லாததால், பின்பக்கம் இருந்த மூன்று ஜன்னல் வழியாகவும் பரோட்டாக் கடையின் தகரக் கூரை மேல் இறங்கினார்கள். விரோதிக்கு விரோதி கை கொடுத்து இறக்கினார்கள். தன் கம்பெனியில் நாலு வருஷமாக எட்டாவது ஆளான வெள்ளைத்தாய்தான் முதலில் இறங்கியது. ஒன்றரை நிமிஷம் ஆகவில்லை. கூடத்தில் மிஞ்சியது இயக்குநர், சபரிநாதன், வெம்பக்கோட்டையிலிருந்து வந்த ஒரு வாட்ச்மேன், மாரிசெல்வி. மிகச் சரியாக நாலு பேர். மாரிசெல்வியின் பெயர் அவள் கம்பெனிப் பதிவேட்டில் இருந்ததால் அவளுக்கு ஓடிப் பழக்கமில்லை.

இயக்குநர் வாயைத் திறந்து மூடுவதற்குள் சென்னையிலிருந்து வந்த ஆய்வு அதிகாரி ஸ்ரீராம்குமார் உள்ளே நுழைந்தார். காலிக் கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார்.

"காத்திருக்கிறவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

இயக்குநர் சுதாரித்துக்கொண்டார். அவருடைய முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. "பெண்டிங் நில் சார். அறிக்கையில் எழுதியிருந்தேனே."

"நம்பவே இல்லை. பொய்யுன்னு நினைச்சுத்தான் கிளம்பி வந்தேன்." தலைக்கு மேல் இல்லை, காலுக்குக் கீழே எங்கோ டமடமவென்று சத்தம் கேட்டது. "என்ன சத்தம் அது?"

"கொத்துப்பரோட்டா சார்" என்றார் சபரிநாதன்.

ஸ்ரீராம்குமார் மாரிசெல்வியைப் பார்த்தார். "சும்மா ஒரு பதிவுக்குக் கேட்கிறேன்மா. இங்க எத்தனை பேர் வந்திருந்தாங்க?"

இயக்குநரின் பேனா அவளுடைய படிவத்தின் மேல் நின்றிருந்தது. கையெழுத்தின் முதல் எழுத்து விழுந்துவிட்டது. நாலு பேர் என்று சொன்னால் போதும், மிச்ச எழுத்தும் விழுந்துவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உச்சி வெயில் ஜன்னலில் அடித்தது. வாசலில் கிடந்த செருப்புகளில் வெள்ளைத்தாயின் நீல வார் செருப்பும் கிடந்தது.

"சார், எங்க மதினி வெறுங்காலோட தகரத்து மேல நிக்காக சார்" என்றாள் மாரிசெல்வி. "அறுபது பேருக்குக் குறையாது. எல்லாருக்கும் காலு வெந்துபோகும். உள்ள வரச் சொல்லுங்க."

கொத்துப்பரோட்டா சத்தம் நின்றது.

ஸ்ரீராம்குமார் ஜன்னல் பக்கம் போகவில்லை. போயிருந்தால் பார்க்க வேண்டியிருக்கும். சபரிநாதனிடம், "இவங்க புரோபிட்டிச் சான்று வாங்கினவங்களா?" என்று கேட்டார்.

"இல்லை சார். இன்னும் கையெழுத்து முடியலை."

"இயக்குநர்?"

"எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன் சார்" என்றார் இயக்குநர். "முதல் சான்றிதழே என்னுடையதுதான்."

"அப்படின்னா பதிவுப்படி நீங்க சொல்றதுதான் உண்மை. சான்று இல்லாதவங்க சொல்றதை நான் எழுத முடியாது."

ஜன்னலில் ஒரு தலை எழும்பியது. வெள்ளைத்தாய். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றதால் தலை மேலும் கீழுமாகப் போய் வந்தது. "அவ சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்!"

"நீங்க யாரு?"

"நான் அவளுக்கு விரோதி சார்! கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

ஸ்ரீராம்குமார் முதல்முறையாகக் குழம்பினார். விரோதியின் சாட்சி செல்லும் என்று விதி அவர் எழுதியதுதான். நல்லவேளையாக இயக்குநர் காப்பாற்றினார். "சார், விரோதிக்குக் கால் சுடுமே என்று இந்தம்மா கவலைப்பட்டார். கவலைப்பட்ட நிமிஷத்திலேயே விரோதம் காலாவதி. அப்படியானால் ஜன்னலில் நிற்பவர் சிநேகிதி. சிநேகிதி செல்லாது."

"நீங்க இப்பவும் விரோதிதானாம்மா?" என்று அதிகாரி ஜன்னலைக் கேட்டார்.

மாரிசெல்வி ஜன்னலைப் பார்த்தாள். வெள்ளைத்தாய் மாரிசெல்வியைப் பார்த்தாள். "சாத்தூர் வரைக்கும் விரோதிதான் சார்" என்றாள்.

ஆய்வுக் குறிப்பேட்டில் ஸ்ரீராம்குமார் இப்படி எழுதிவிட்டுப் போனார்: மையம் அமைதியாக இயங்குகிறது. கீழே உள்ள உணவகத்தின் இரைச்சல் மட்டும் சற்று அதிகம்.

*

கீழே பரோட்டாக் கடையில் வெள்ளைத்தாய் இரண்டு காலையும் ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மாரிசெல்வி கையில் ஒரு கடிதம். இயக்குநர் அதை மட்டும் அரை மணி நேரத்தில் தயார் செய்து, முத்திரை போட்டு, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

"நாலு பேருன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லாட்டி? என் காலு நாலு நாள்ல ஆறிரும். சாவி வருமா?"

"சொல்லத்தான் மதினி வாயைத் தொறந்தேன்" என்றாள் மாரிசெல்வி. அழுதாள். வெள்ளைத்தாய் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கி அவள் வாயில் ஊட்டினாள். அழுதுகொண்டே தின்றாள்.

சாயங்காலம் கம்பெனிக்குப் போய் முதலாளி முன்னால் கடிதத்தை வைத்தாள். "குடுக்க மாட்டேன்னு எழுதிட்டாக முதலாளி. உங்க மச்சினன் ஆளையே வச்சுக்கோங்க."

சங்கரபாண்டியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"மேற்படி விண்ணப்பதாரருக்கு விரோதி என்று ஒருவருக்கு மேல் கிடைக்காத காரணத்தாலும், கிடைத்த அந்த ஒரு விரோதியும் 'அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று கூறித் தன் விரோதத்தைக் கெடுத்துக்கொண்ட காரணத்தாலும், தன் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தும் விண்ணப்பதாரர் அதிகாரி முன்னிலையில் உண்மையைக் கூறி அலுவலகப் பணிக்கு இடையூறு விளைவித்த காரணத்தாலும், இவருக்குப் புரோபிட்டிச் சான்று மறுக்கப்படுகிறது."

இன்னொரு தடவை படித்தார். மேனேஜரைக் கூப்பிட்டு, "இதுல புரோபிட்டிங்கிற வார்த்தை இருக்கா?" என்றார்.

"இருக்கு முதலாளி."

"முத்திரை?"

"ரெண்டு இடத்துல இருக்கு."

"பைல்ல போடு. செக்கிங்குக்கு வர்றவன் முத்திரையைத்தான் பாப்பான், எவன் முழுசாப் படிக்கான்?" மேஜை டிராயரைத் திறந்து, கோட்டைச்சாமி ஒப்படைத்திருந்த ஒரு சாண் நீளச் சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். சிரித்தார். "காகிதம் கேட்டாக, காகிதம் இருக்கு. திங்கக்கிழமையிலிருந்து கிட்டங்கிக்குப் போ தாயி."

ஆவணி பிறந்ததும் சீசன் சூடுபிடித்தது. வடக்கே இருந்து ஆர்டர் மேல் ஆர்டர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பெட்டி ஏற்றிய லாரி ஒன்று கிட்டங்கி வாசலில் வந்து நின்றது. மாரிசெல்வி எழுந்து பாதி லாரியை இறக்கவிட்டாள். பிறகு கையைக் காட்டி நிறுத்தினாள். லோடுமேன்கள் போய் மேனேஜரைக் கூட்டிவந்தார்கள். மேனேஜர் போய் முதலாளியைக் கூட்டிவந்தார்.

"என்ன தாயி, ஏன் இறக்கலை?"

"கிட்டங்கி நிறைஞ்சிருச்சு முதலாளி."

சங்கரபாண்டியன் உள்ளே எட்டிப் பார்த்தார். "பாதி காலியாக் கிடக்கே!"

"காலியாக் கிடக்கணும்னு லைசென்ஸ்ல இருக்கு முதலாளி. இம்புட்டு எடைக்கு மேல வைக்கக்கூடாதுன்னு கதவுலயே எழுதியிருக்கே. பக்கத்து ரூமுகள்ல மொத்தம் நாப்பது பேரு வேலை பாக்காக."

"ஏ, எல்லாக் கம்பெனியிலயும் வைக்கிறதுதான். ஒரு ராத்திரிக்குத்தான தாயி. ஆரு பாக்கப்போறா?"

மாரிசெல்வி கதவின் முன்னால் நின்றாள். நகக்கண்ணில் இப்போது வெள்ளி இல்லை. முதலாளி வெயிலில் பத்து நிமிஷம் நின்றார். ஒரு தடவை கத்தினார், ஒரு தடவை கெஞ்சினார், பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"யாருய்யா இவளுக்குச் சாவியைக் குடுத்தது?"

"நீங்கதான் முதலாளி."

சங்கரபாண்டியன் லாரி டிரைவரிடம், மிச்சத்தைச் சிவகாசி கிட்டங்கிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் ஆபீஸ் ரூமுக்கு நடந்தார். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. மாரிசெல்வி இரும்புக் கதவைச் சாத்தினாள். பூட்டினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியை முந்தியில் முடிந்துகொண்டு, வேப்பமரத்து நிழல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, ஸ்டூலை அங்கே தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.